தோல்வியை வீணாக்காமல் இருப்பது எப்படி

மலேசியாவில் நம் ஊர் மண்டபங்களில் நடக்கும் தன்முனைப்பு உரைகளில், தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று சொல்லாத பேச்சாளர் அநேகமாக இல்லை. அதே மண்டபத்தில் சில மாதம் கழித்து நடக்கும் கல்விச் சிறப்பு விழாவில் பொன்னாடையும் பணமுடிப்பும் பெற மேடைக்கு அழைக்கப்படுகிறவர்களோ, எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்த பிள்ளைகள் மட்டுமே. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் வந்து கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதை நம்பும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தோல்விக்கு மதிப்பு உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடும். ஆனால் அந்த மதிப்பு தானாக வந்து கையில் விழுவதில்லை. ஒரே காரணத்தால் மீண்டும் மீண்டும் கடை மூடியவர்களையும், ஒரே தவற்றால் அதே தாளில் இரண்டாம் முறையும் தவறியவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குத் தோல்வி எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தோற்றவர் அதற்குரிய விலையை ஏற்கனவே கொடுத்துவிட்டார். அந்த விலைக்குக் கிடைத்த தகவலைப் படித்தெடுக்காவிட்டால் நட்டம் மட்டுமே மிஞ்சும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்., அதற்கு அடுத்த எஸ்.டி.பி.எம். ஆகியவற்றில் தவறியவர்கள், வேலை இழந்தவர்கள், சிறு தொழிலை மூட நேர்ந்தவர்கள், அவர்களுடைய பெற்றோர், வாழ்க்கைத் துணைவர் ஆகியோரை மனத்தில் வைத்து, அதைப் படித்தெடுக்கும் வழி இங்கே விளக்கப்படுகிறது.

தொழிற்சாலைக்குள் தெரிந்த முறை

வழிமுறையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பினாங்குக்காரர்களுக்கு அது வேலையிடத்திலேயே இருக்கிறது. 1960-களின் இறுதியில் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து, வணிகம் சரிந்து, வேலையில்லாதோர் பெருகிய நிலையில்தான், அப்போதைய முதலமைச்சர் லிம் சோங் இயூவின் அரசு மின்னணுத் தொழிற்சாலைகளை அழைத்து வந்தது. 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் அந்த ஆண்டே வந்து சேர்ந்தது. பெருநிலத்திலுள்ள பிறை, பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து நம்மவர்கள் முதலில் ஃபெரியிலும், 1985-இல் பாலம் திறந்த பிறகு தொழிற்சாலைப் பேருந்துகளிலும் தீவுக்குப் போய் ஷிஃப்ட் வேலை பார்த்தார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் பலர் அங்கே பொறியாளர்களாகவும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள்.

அந்தத் தொழிற்சாலைகளில், வாடிக்கையாளரிடமிருந்து பழுதான மின்னணுச் சில்லு ஒன்று திரும்பி வந்தால் நடப்பதைக் கவனியுங்கள். முதல் வேலையாக, அதே லாட்டில் (உற்பத்தித் தொகுதியில்) மிச்சமிருக்கும் சரக்கை நிறுத்தி வைத்து பழுது மேலும் பரவாமல் தடுக்கிறார்கள். அடுத்து, அந்தச் சில்லு உண்மையிலேயே பழுதானதுதானா என்று மறுபடியும் சோதிக்கிறார்கள். சில வேளைகளில் சில்லு நன்றாகவே இருக்கும், சோதித்த கருவியின் முனைதான் அழுக்கேறியிருக்கும். பிறகு வெளிப்புறத்தை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இவை எல்லாம் முடிந்த பின்னரே அமிலத்தால் மேலுறையைக் கரைத்து உள்ளே பார்ப்பார்கள், ஏனென்றால் ஒருமுறை திறந்துவிட்டால் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது. சிதைக்காத சோதனை முன்னே, சிதைக்கும் சோதனை பின்னே என்பது அந்த ஆய்வகங்களின் அடிப்படை விதி. கடைசியில், ஃபோர்டு நிறுவனம் 1980-களில் வகுத்த எட்டு டி அறிக்கை போன்ற ஒரு வடிவத்தில், காரணமும் திருத்தமும் மறுமுறை வராமல் தடுக்கும் ஏற்பாடும் எழுத்தில் பதிவாகின்றன.

திரும்பி வந்த ஒரு சில்லுக்காக இரண்டு வாரம் பொறுமையாக ஆராய்ந்து அறிக்கை எழுதும் தந்தை, மகளின் தேர்வு முடிவைப் பார்த்ததும் இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவதுதான் வேடிக்கை. அவர் செய்ய வேண்டியது புதிதாக எதையும் கற்பது அன்று. வேலையிடத்தில் கடைப்பிடிக்கும் ஒழுங்கை வீட்டுக்கும் கொண்டுவருவதுதான்.

முதல் வாரம்: பரவாமல் தடுத்தல்

தோல்வி வந்த முதல் வாரத்தில் காரணம் தேடாதீர்கள். அந்த நாள்களில் கிடைக்கும் காரணங்கள் பெரும்பாலும் கோபமோ அவமானமோ சொல்லிக்கொடுப்பவை. அந்த வாரத்தின் வேலை, சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. படிப்பை நிறுத்துவது, அவசரமாகக் கல்யாணப் பேச்சு எடுப்பது, நகையை அடகு வைத்து உடனே வேறு தொழில் தொடங்குவது, வட்டி முதலைகளிடம் கை நீட்டுவது ஆகிய எந்த முடிவையும் அந்த வாரத்தில் எடுக்கக் கூடாது. மாதிரித் தேர்வுத் தாள்கள், பயிற்சிப் புத்தகங்கள், கடைக் கணக்கு, ரசீதுகள், வேலை நீக்கக் கடிதம் என எதையும் ஆத்திரத்தில் தூக்கி எறியக் கூடாது. ஆராய்ச்சிக்கு வேண்டிய மூலப்பொருள் அவைதான்.

உறவினர்களைச் சமாளிப்பது தனி வேலை. முடிவு வெளியாகும் நாளில் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் "பிள்ளைக்கு எத்தனை ஏ?" என்ற கேள்வி காலை பத்தரை மணிக்கெல்லாம் வந்துவிடும். அதற்குப் பிள்ளையைப் பதில் சொல்ல வைக்காதீர்கள். பெரியவர்களில் ஒருவர், "முடிவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. அடுத்த வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், முடிவானதும் சொல்கிறோம்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். இதில் பொய்யும் இல்லை, விவரமும் இல்லை. மறுபடி கேட்கும் அத்தைக்கும் அதே வரிகளையே திருப்பி அனுப்பலாம்.

இன்னொன்றைத் தயக்கமின்றிச் சொல்லியாக வேண்டும். தோல்விக்குப் பிறகு ஒருவர் சாப்பிடாமல், உறங்காமல், தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டோ தான் இல்லாமல் போனால் நல்லது என்ற பொருளில் பேசிக்கொண்டோ இருந்தால், அதை வீறாப்பு என்று ஒதுக்காமல், சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. மனம் உடைந்தவர்களுக்குச் செவிகொடுக்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டதால், உதவி தேடினால் போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

சேதத்தைத் தடுப்பதில் நாள்கணக்கும் அடங்கும். வேலை போனவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கும் நாள்களில்தான் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை கோர, வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆள்குறைப்பு, நிறுவனம் மூடல் போன்றவற்றால் வேலை இழந்தவருக்கு, காப்புறுதிச் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடும் பிறகு படிப்படியாகக் குறைந்த தொகையும், சந்தா செலுத்திய காலத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை கிடைக்கும். தாமாக விலகியவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் இது கிடையாது. காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுகிறவர் தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் முறையிடுவதற்கும் அதே 60 நாள்தான். ஆகவே, மனம் ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த இரண்டுக்கும் பொருந்தாது.

எது தோற்றது என்று ஒரு வரியில் எழுதுதல்

முதல் வாரம் கடந்ததும் ஒரு தாளை எடுத்து, நடந்ததை ஒரே வரியில், பெயர்ச்சொல்லும் எண்ணும் கொண்டு எழுதுங்கள். "பையன் தோற்றுவிட்டான்" என்பது அந்த வரி ஆகாது. "வரலாற்றில் ஜி, மலாயில் டி, மற்ற பாடங்களில் தேர்ச்சி" என்பதுதான் அந்த வரி. எஸ்.பி.எம். தேர்வில் ஈ என்பதே தேர்ச்சிதான். ஜி ஒன்றுதான் தவறியதைக் குறிக்கும். ஆனால் பல வீடுகளில் சி எடுத்த பிள்ளையும் தோற்ற பிள்ளையாகவே நடத்தப்படுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் பழுதானது சில்லா, சோதனைக் கருவியா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வேலை தேடுகிறவரும் இப்படியே செய்யலாம். விண்ணப்பங்களுக்குப் பதிலே வராமல் போவதும், நேர்காணல் வரை போய் அங்கே தவறுவதும் வெவ்வேறு பழுதுகள். முன்னதற்குத் தன்விவரக் குறிப்பையும் விண்ணப்பிக்கும் பதவிகளின் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். பின்னதற்குப் பேசும் மொழியையும் முன்தயாரிப்பையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையே மூடப்பட்டதால் வேலை போயிருந்தால், அதை உங்கள் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். அது நேர்ந்த இழப்பு மட்டுமே.

ஏன் என்று ஐந்து முறை கேட்டல்

டொயோட்டா தொழிற்சாலைகளிலிருந்து உலகெங்கும் பரவிய எளிய முறை ஒன்று உண்டு: ஒரு பழுதுக்கு ஏன் என்று கேட்டு, வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, ஏறக்குறைய ஐந்து படி கீழே இறங்குவது. இதை வீட்டில் பயன்படுத்துகிறவர் ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சோம்பேறித்தனம், கவனக்குறைவு, ஏழரைச் சனி, கண்ணேறு என்று குணமோ கிரகமோ பதிலாக வந்தால் அதை ஏற்காமல் அதற்கும் ஏன் என்று கேட்க வேண்டும். திருத்தக்கூடிய ஒரு செயலோ ஏற்பாடோ பதிலாக வரும்வரை ஆராய்ச்சி முடியவில்லை என்று பொருள்.

வரலாற்றில் ஜி வாங்கிய பையனையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையை உட்கார வைத்து விசாரிப்பதற்கு முன், சிதைக்காத சோதனைகளைச் செய்யுங்கள்: மாதிரித் தேர்வுத் தாள்களைத் தாள் வாரியாகப் பிரித்துப் பாருங்கள், நோட்டுப் புத்தகங்களைப் புரட்டுங்கள், வருகைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒன்று தெரிய வரலாம்: கொள்குறிக் கேள்விகள் கொண்ட முதல் தாளில் சுமாரான மதிப்பெண், எழுத வேண்டிய இரண்டாம் தாளில் பாதிக்கு மேல் வெற்றிடம். ஏன் வெற்றிடம்? விடை தெரியாமல் இல்லை, வாயால் கேட்டால் தமிழில் சொல்கிறான். ஏன் எழுதவில்லை? மலாயில் நான்கு வரி தொடர்ந்து எழுத வரவில்லை. ஏன் வரவில்லை? இடைநிலைப்பள்ளிக்குப் போன நாள் முதல் எழுதிப் பழகாமல், கோடிட்ட இடத்தை நிரப்பியே காலத்தை ஓட்டியிருக்கிறான். ஏன் யாரும் கவனிக்கவில்லை? மொத்த மதிப்பெண்ணை மட்டுமே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இப்போது காரணம் கையில் சிக்கிவிட்டது. இவனுக்கு வரலாற்று டியூஷன் தேவையில்லை, அதற்குக் கட்டும் பணம் தண்டம். தினமும் ஒரு பத்தி மலாயில் எழுதி அதை ஒருவர் திருத்திக் கொடுப்பதுதான் தேவை. அதே திருத்தம் மலாய்ப் பாடத்தின் டி-யையும் சேர்த்துத் தூக்கும்.

இங்கே புகுமுக வகுப்பைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நிறுத்தப்படும் வரை, மலாயில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுவே வாழ்க்கையின் முதல் பகிரங்கத் தோல்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வகுப்பு முன்னால் போய்விடும். அந்த ஓராண்டைத் தண்டனையாகக் கழித்தவர்கள் உண்டு, மலாயைச் சரிசெய்துகொள்ளக் கிடைத்த ஓராண்டாகப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. வகுப்பு ஒன்றுதான், பாடத்திட்டமும் ஒன்றுதான். அங்கே ஏன் இருக்கிறோம் என்பதை யாராவது பிள்ளைக்கு மரியாதையாக விளக்கியிருந்தார்களா என்பதே பெரும்பாலும் வேறுபாடாக இருந்தது என்பது என் கணிப்பு.

இனி தொழிலுக்கு வருவோம். பிறையில் தொழிற்சாலைகளுக்கு மதிய உணவு அனுப்பிவந்த ஒரு கேட்டரிங் தொழில் மூடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கூட்டாளி ஏமாற்றினார், புதுப் போட்டி வந்தது, கடையில் வாஸ்து சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றைக் காதில் வாங்கிக்கொண்டு, கடைசிப் பன்னிரண்டு மாத வங்கி அறிக்கைகளை மேசையில் பரப்புங்கள். மாதம் ஒரு வரிசையாக நான்கு எண்களை எழுதுங்கள்: கைக்கு வந்த பணம், கையை விட்டுப் போன பணம், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி. இத்தகைய தொழில்களில் அடிக்கடி தெரிய வருவது இதுதான்: கோழியும் காய்கறியும் அன்றாடம் ரொக்கத்துக்கு வாங்கப்பட்டன, தொழிற்சாலையோ அறுபது, தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம் கொடுத்தது. ஆகவே ஆர்டர் கூடக் கூடக் கையிருப்புக் குறைந்தது. சமையலில் குறையில்லை, வாடிக்கையாளர் குறையவில்லை, வியாபாரம் வளர்ந்ததாலேயே மூச்சு முட்டியது. போகும் பணம் வரும் பணத்தைத் தாண்டிய மாதத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அந்த மாதத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, எதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எழுதுங்கள். அடுத்த தொழிலில் மாதந்தோறும் பார்க்க வேண்டிய எண் எது என்பதற்கு அதுவே விடை.

தனியுரிமைத் தொழிலாகப் பதிவு செய்திருந்தால், தொழிலை நிறுத்திய 30 நாளுக்குள் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இடம் அறிவிக்க வேண்டும் என்பதையும், அத்தகைய தொழிலின் கடன் முழுவதும் சொந்தக் கடனாகவே நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.-ஐ அணுகலாம். அதன் சேவைக்குக் கட்டணம் இல்லை. வங்கிக் கடன்களை மறுசீரமைத்து மாதம் ஒரே தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்வார்கள். கடன் கொடுத்தவர் திவால் மனு போடுவதற்கான கடன் வரம்பு இப்போது 1,00,000 ரிங்கிட். திவாலானவர் தம் சொத்து விவர அறிக்கையைத் தாக்கல் செய்து, நிர்ணயித்த தொகையைச் செலுத்தி, நிபந்தனைகளை நிறைவேற்றினால் மூன்றாண்டில் விடுபட வழிசெய்யும் திருத்தம் 2017-இலேயே வந்துவிட்டது. திவால் என்றால் ஆயுள் தண்டனை என்று இன்னும் நம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடாத கதவுகள்

எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். இவற்றில் தவறியவர் ஆண்டு முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. மலாய், வரலாறு, கணிதம் ஆகியவற்றை மட்டும் எழுதுவதற்கு எஸ்.பி.எம். மறுதேர்வு நடத்தப்படுகிறது. மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் மறுஆய்வுக்கும் விண்ணப்பிக்கலாம், அதற்குக் காலக்கெடு குறுகியது.

கைத்தொழில் பக்கம் போக விரும்புகிறவருக்கு மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். இருக்கிறது, எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாமலே முதல் நிலையில் சேர்ந்து, மூன்றாம் நிலை வரை ஏறி, அதற்கு மேல் நான்காம், ஐந்தாம் நிலை டிப்ளோமாக்களையும் பெறலாம். ஏற்கனவே பல ஆண்டு பட்டறையிலோ முடிதிருத்தும் நிலையத்திலோ மின்கம்பி வேலையிலோ அனுபவம் உள்ளவர், வகுப்புக்கே போகாமல் அந்த அனுபவத்தைச் சான்றுகளுடன் தொகுத்துக் காட்டி எஸ்.கே.எம். பெறும் வழியும் உண்டு, அதைப் பி.பி.டி. என்பார்கள். பல்கலைக்கழகத்துக்கும் இதே போல ஏப்பல் என்ற நுழைவழி இருக்கிறது: பணி அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, சான்றிதழ்ப் படிப்புக்கு 19, டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைக்கு 21 வயதில் விண்ணப்பிக்கலாம். பதினேழு வயதில் தவறியவர் இருபத்தேழில் மறுபடி கேட்பதற்கு இந்த நாட்டில் இடம் இருக்கிறது, நம் சமூகத்தின் நினைவில்தான் இல்லை.

தோல்வியைச் சொல்லும் முறை

2012 ஆகஸ்டு 5-ஆம் தேதி இரவு, லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதியாட்டத்தில் லீ சோங் வெய் லின் டானிடம் மூன்றாம் செட்டில் 19-21 என்று தோற்றபோது, மாமாக் கடைகளில் டீ ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களில் நம்மவர்களும் ஏராளம். புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த அவர் 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக் இறுதிகளிலும் தோற்று வெள்ளியோடுதான் திரும்பினார். மலேசியர்கள் எவரும் அவரைத் தோற்றவர் என்று சொல்வதில்லை. ஆக, தோற்றவரை மதிக்க நமக்குத் தெரியாமல் இல்லை. எவ்வளவு உழைத்தார், எவ்வளவு நெருங்கினார், எங்கே தவறினார் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தால் மதிக்கிறோம். வீட்டுப் பிள்ளையின் உழைப்பை அப்படி அருகில் இருந்து பார்ப்பதில்லை; முடிவுத் தாளை மட்டும் பார்க்கிறோம்.

ஆகவே தோல்வியைப் பிறரிடம் சொல்லும்போது, முடிவை மட்டும் சொல்லாமல் ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை நேர்காணலில் மூடிய கடையைப் பற்றிக் கேட்டால் மழுப்பவும் வேண்டாம், புலம்பவும் வேண்டாம். இரண்டாண்டு நடத்தினேன், மாதம் இத்தனை சாப்பாடு அனுப்பினேன், வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடன் தவணையைக் கட்டுப்படுத்தாததால் மூடினேன், இப்போது ரொக்க ஓட்டக் கணக்கைத் தனியாக எழுதுகிறேன் என்று நான்கு வாக்கியத்தில் முடித்தால் போதும். கேட்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால், இதைச் சொல்லத் தெரிந்தவரைக் குறைவாக நினைக்க மாட்டார். முன்னாள் கூட்டாளியைத் திட்டும் ஐந்தாம் வாக்கியம்தான் ஆபத்தானது.

பிள்ளைகளிடம் பெற்றோர் தங்கள் தோல்விகளைச் சொல்வது நல்லதுதான், ஆனால் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு எங்கே தெரியும் என்ற பழைய பல்லவியாக அது மாறிவிடக் கூடாது. நடந்தது என்ன, அதனால் எவ்வளவு போயிற்று, அதன் பிறகு எதை மாற்றினேன் என்ற மூன்றை மட்டும் சொல்லி, நீதி சொல்லாமல் விட்டுவிடுங்கள். பிள்ளை ஒருவேளை எதுவும் பேசாமல் எழுந்து போகலாம். பிறகு தனக்கு ஒன்று நேரும்போது சொல்லலாம் என்ற நினைவு மட்டும் தங்கும்.

ஆலயங்களிலும் சங்கங்களிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சிறப்பு விழாவில், மறுதேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்றவர்களுக்கும், எஸ்.கே.எம். மூன்றாம் நிலை முடித்தவர்களுக்கும் அதே மேடையில், அதே அளவு பொன்னாடை போடுங்கள். ஆறுதல் பரிசு என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

சிறியதாகத் தோற்க வழி செய்தல்

தோல்வியைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு: எல்லாருக்கும் தோல்வியின் விலை ஒன்றல்ல. பாங்சாரில் சொந்த வீடும் பின்னால் நிற்கத் தந்தையும் உள்ள இளைஞருக்கு ஒரு தொழில் மூடுவது அனுபவம். செந்தூலில் வாடகை அடுக்குமாடியில், ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அதே நட்டம் பத்தாண்டுக் கடன். ஆகவே துணிந்து இறங்கு என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்வது பொறுப்பற்றது. கையில் கொஞ்சமே உள்ளவர் கற்றுக்கொள்ள வேண்டிய கலை, தோற்றாலும் தாங்கும் அளவுக்கு முயற்சியைச் சிறிதாக்குவது.

உணவுக் கடை வைக்க நினைப்பவர், மூன்றாண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலோ தீபாவளிச் சந்தையிலோ ஒரு கடை போட்டுப் பார்க்கட்டும். அங்கே விற்காதது எது, மிஞ்சியது எவ்வளவு, ஒரு தட்டுக்கு உண்மையான அடக்கவிலை என்ன என்பதைச் சில நூறு ரிங்கிட் செலவில் கற்றுவிடலாம். வீட்டுப் பத்திரம், பணி ஓய்வுக்கான இ.பி.எஃப். சேமிப்பு, பிள்ளையின் படிப்புப் பணம் ஆகிய மூன்றும் சோதனை முயற்சிக்கு வரக் கூடாது. இ.பி.எஃப். மூன்றாவது கணக்கில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்ற வசதி 2024-இல் வந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு இன்னும் அவசியமாகிவிட்டது.

பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். பேச்சுப்போட்டியில் தோற்ற பிள்ளைக்காக நடுவரைத் தொலைபேசியில் பிடிப்பது, பள்ளித் திட்டப்பணியை இரவோடு இரவாகத் தாமே செய்து கொடுப்பது ஆகியவற்றைப் பெற்றோர் நிறுத்த வேண்டும். பத்து வயதில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சியைத் தடுத்துவிட்டால், பதினேழு வயதில் முதன்முதலாகத் தோற்கும் பிள்ளைக்கு அதைக் கையாளத் தெரியாது.

எப்போது நிறுத்துவது

விடாமுயற்சியைப் பாராட்டும் அளவுக்கு, விட வேண்டிய நேரத்தில் விட்டதை நாம் பாராட்டுவதில்லை. இதனால் பலர், மூன்றாம் முறையும் அதே படிப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டோ, நட்டத்தில் ஓடும் கடைக்கு மாதந்தோறும் சம்பளப் பணத்தைக் கொட்டிக்கொண்டோ காலம் கழிக்கிறார்கள். இவ்வளவு போட்டாயிற்றே என்பது தொடர்வதற்குக் காரணம் ஆகாது. போட்டது எப்படியும் திரும்பாது, இனிமேல் போடப்போவது பயன் தருமா என்பதே கேள்வி.

இரண்டாம் முயற்சியைத் தொடங்குவதற்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது, எந்தத் தேதிக்குள் எந்த எண்ணை எட்டாவிட்டால் நிறுத்துவது என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுதேர்வு என்றால் இத்தனை முறை, கடை என்றால் இந்த மாதத்துக்குள் மாத வரவு, மாதச் செலவைத் தாண்ட வேண்டும் என்று தெளிவாக இருக்கட்டும். அந்தத் தாளை வாழ்க்கைத் துணைவரிடம் கொடுக்காமல், கெஞ்சினாலும் மனம் இளகாத ஒரு நண்பரிடமோ மாமாவிடமோ கொடுத்து வையுங்கள். தேதி வந்து எண் வராவிட்டால், அந்த வாரத்திலேயே கடை உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, வேலையாள்களின் சம்பளத்தையும் சந்தாக்களையும் முதலில் தீர்த்து, தளவாடங்களை விலை இருக்கும்போதே விற்று, 30 நாளுக்குள் பதிவை முடித்துக்கொள்ளுங்கள். படிப்பு என்றால், அதற்குக் கட்டவிருந்த அடுத்த தவணைப் பணத்தை எஸ்.கே.எம். பயிற்சிக் கட்டணத்துக்கோ ஏப்பல் விண்ணப்பத்துக்கோ திருப்பி விடுங்கள். கணக்குப் புத்தகத்தையும் சிவப்பு வட்டமிட்ட தாளையும் மட்டும் கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த முயற்சிக்கான திட்டத்தை எழுதும் நாளில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியவை அவை.